பக்கவாதத்துக்குப் பின் நடை மீள்வதை மூளை உணரிகளாலும் அசைவு உணரிகளாலும் ஆராய்வது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

பக்கவாதம் வந்த மூன்றாம் வாரத்தில் ஒரு நோயாளி பத்து மீட்டர் தூரத்தை 25 வினாடிகளில் கடக்கிறார். பதினோராம் வாரத்தில் அதே தூரத்தை 14 வினாடிகளில் கடந்துவிடுகிறார். அதாவது வினாடிக்கு 0.4 மீட்டராக இருந்த வேகம் ஏறத்தாழ 0.7 மீட்டராக உயர்ந்திருக்கிறது. குடும்பத்தாருக்கு அது போதும், ஆய்வாளருக்குப் போதாது. மூளையிலிருந்து காலுக்குச் செல்லும் நரம்புப் பாதை மீண்டும் வேலை செய்யத் தொடங்கியிருக்கலாம். பாதை மீளாமலேயே, இடுப்பைத் தூக்கிக் காலை வெளிப்பக்கமாக வளைத்து வீசும் உத்தியை அவர் நன்கு பழகியிருக்கலாம். விழுந்துவிடுவோம் என்ற அச்சம் குறைந்ததால் மட்டுமே வேகம் கூடியிருக்கவும் வாய்ப்புண்டு. இந்த மூன்றையும் நிறுத்துக்கடிகாரத்தால் பிரித்தறிய முடியாது என்பதே தலையிலும் காலிலும் உணரிகளைப் பொருத்துவதற்கான காரணம். ஆனால் ஆய்வைச் சரியாகத் திட்டமிடாவிட்டால், விலையுயர்ந்த உணரிகளும் நிறுத்துக்கடிகாரம் சொன்னதையே வேறு மொழியில் திருப்பிச் சொல்லும்.

இயன்முறை மருத்துவத்திலோ உயிர்மருத்துவப் பொறியியலிலோ முதுநிலை ஆய்வு தொடங்குபவர்களை மனத்தில் வைத்து இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. கருவி வாங்குவதற்கு முன்னரே இதைப் படித்துவிடுவது நல்லது.

முதற்படி: கேள்வியைச் சிறிதாக்குதல்

“நடை மீளும்போது மூளையில் என்ன மாறுகிறது?” என்பது ஆய்வுக் கேள்வி ஆகாது, அது ஆசை. “வலுவிழந்த காலின் வீச்சு நேரம் சீராகும்போது, அந்தக் காலை இயக்கும் மூளைப் பகுதியில் பீட்டா அலையின் ஏற்ற இறக்கமும் மாறுகிறதா?” என்பது கேள்வி. (வீச்சு நேரம் என்பது ஒவ்வோர் அடியிலும் கால் காற்றில் இருக்கும் நேரம்; பீட்டா அலை என்பது வினாடிக்கு 13 முதல் 30 முறை ஏறி இறங்கும் மூளை மின்னலை.) மூளைக்கு ஓர் அளவு, நடைக்கு ஓர் அளவு என்று முன்கூட்டியே எழுதிவைத்துக்கொள்ள வேண்டும். தலையில் பொருத்தும் அறுபத்து நான்கு மின்முனைகளும் ஆறு அசைவு உணரிகளும் ஆயிரக்கணக்கான எண்களைத் தரும். அவற்றில் ஏதேனும் இரண்டு தற்செயலாக ஒத்துப்போவது உறுதி.

காலத்தை வரையறுப்பதும் இந்தப் படியில் அடங்கும். 2017இல் பக்கவாத மீட்பு ஆய்வாளர்களின் பன்னாட்டு வட்டமேசைக் குழு வகுத்த பிரிவின்படி, முதல் 24 மணி நேரம் மிகைத் தீவிரக் கட்டம். அதிலிருந்து ஏழாம் நாள் வரை தீவிரக் கட்டம். ஏழாம் நாளிலிருந்து மூன்று மாதம் வரை முன் இடைக்கட்டம். மூன்றிலிருந்து ஆறு மாதம் வரை பின் இடைக்கட்டம். அதன் பிறகு நாட்பட்ட கட்டம். இயற்கையாக நிகழும் மீட்சியில் பெரும்பகுதி முதல் மூன்று மாதங்களுக்குள் நடந்துவிடுகிறது. 1995இல் வெளியான கோபன்ஹேகன் பக்கவாத ஆய்வு 804 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்தபோது, அவர்களில் 95 விழுக்காட்டினர் தங்களுக்கு எட்டக்கூடிய சிறந்த நடையை 11 வாரங்களுக்குள் எட்டியிருந்தனர். ஆகவே, மூன்றாம் வாரத்தில் சேர்த்த நோயாளிக்கு ஏதேனும் பயிற்சி கொடுத்து, பதினோராம் வாரத்தில் மூளை அலை மாறியது என்று காட்டினால், அந்த மாற்றம் பயிற்சியால் வந்ததா, காலத்தால் வந்ததா என்ற கேள்விக்கு ஒப்பீட்டுக் குழு இல்லாமல் விடை கிடைக்காது. முதல் மூன்று மாதங்களுக்குள் அளப்பதாக இருந்தால், இரண்டு முறை மட்டும் அளக்காமல் குறைந்தது நான்கு முறையாவது அளந்து, மீட்சியின் வளைகோட்டையே ஆய்வுப்பொருளாகக் கொள்வது நேர்மையானது.

மூளை உணரி தேவைதானா என்பதையும் இங்கேயே கேட்டுக்கொள்ள வேண்டும். நியூசிலாந்தின் ஆக்லாந்தில் ஸ்மித், ஸ்டினியர் ஆகியோரின் குழு 2017இல் வெளியிட்ட சிறிய ஆய்வில், ஒரு நோயாளி எப்போது தானாக நடப்பார் என்பதை முதல் வாரத்தில் செய்யும் இரண்டு படுக்கையோரப் பரிசோதனைகளே கணித்தன: உடற்பகுதியைக் கட்டுப்படுத்தும் திறன், இடுப்பைப் பின்னோக்கி நீட்டும் வலு. மூளையைக் காந்தப் புலத்தால் தூண்டிப் பார்க்கும் சோதனையும் எம்.ஆர்.ஐ. அளவுகளும் அந்தக் கணிப்பை மேம்படுத்தவில்லை. எனவே முன்கணிப்பு மட்டுமே நோக்கமென்றால், ஒரு கட்டிலும் தேர்ந்த கையும் போதும். மீட்சி எவ்வாறு நிகழ்கிறது என்ற இயக்கமுறையைத் தேடுபவருக்கே மூளை உணரி தேவைப்படுகிறது.

இரண்டாம் படி: உணரிகளைத் தேர்ந்தெடுத்தல்

நடந்துகொண்டிருக்கும் மனிதரின் மூளையை அளக்க நடைமுறையில் இரண்டு வழிகளே உள்ளன, எம்.ஆர்.ஐ. கருவிக்குள் யாராலும் நடக்க முடியாது. முதலாவது, 1924இல் ஹான்ஸ் பெர்கர் மனிதத் தலையிலிருந்து முதன்முதலாகப் பதிவு செய்த மூளை மின்னலை வரைவு, அதாவது இ.இ.ஜி. இரண்டாவது, அண்மை அகச்சிவப்பு ஒளியை மண்டையோட்டின் வழியே செலுத்தி, இரத்தத்தில் உயிர்வளி ஏறிய ஹீமோகுளோபினும் இறங்கிய ஹீமோகுளோபினும் எவ்வளவு மாறுகின்றன என்று பார்க்கும் ஒளி உணரி.

காலை இயக்கும் மூளைப் பகுதி எங்கே இருக்கிறது என்பதே இந்தத் தேர்வில் முக்கியம். கைக்கும் முகத்துக்கும் உரிய இயக்கப் பகுதிகள் மூளையின் பக்கவாட்டு மேற்பரப்பில் விரிந்து கிடக்க, காலுக்குரிய பகுதி இரண்டு அரைக்கோளங்களுக்கும் நடுவிலுள்ள பிளவுக்குள், சுவரில் ஒட்டியது போல் மறைந்திருக்கிறது. ஒளி உணரியில் ஒளி புறப்படும் முனைக்கும் அதைப் பிடிக்கும் முனைக்கும் இடையே வழக்கமாக மூன்று சென்டிமீட்டர் இடைவெளி விடப்படுகிறது. அந்த அமைப்பால் தலைத்தோலிலிருந்து ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டர் ஆழம் வரைதான் எட்டிப் பார்க்க முடியும். ஆகவே அது காலுக்குரிய பகுதியின் மேல் விளிம்பைத் தொட்டால் அதுவே பெரிது. இ.இ.ஜி.யில் உச்சந்தலையின் நடுமின்முனை அந்தப் பகுதியின் மின்னலையைப் பிடித்துவிடும். ஆனால் இரண்டு சுவர்களும் எதிரெதிராக இருப்பதால், அலை இடப்பக்கத்திலிருந்து வந்ததா, வலப்பக்கத்திலிருந்து வந்ததா என்று பிரிப்பது கையைப் போல எளிதன்று. பக்கவாத ஆய்வில் பாதிப்புற்ற பக்கமும் பாதிப்பற்ற பக்கமும்தான் மையக் கேள்வி என்பதால், இந்த உடற்கூற்று உண்மையை மறந்துவிட்டு எழுதப்படும் முடிவுரைகள் பல நிலைகுலைந்துபோகின்றன.

என் பரிந்துரை இது. ஒவ்வோர் அடியிலும் எந்தக் கணத்தில் மூளை என்ன செய்கிறது என்று அறிய வேண்டுமானால் இ.இ.ஜி. நடப்பதற்கு எவ்வளவு கவனம் செலவாகிறது என்று அறிய வேண்டுமானால், நெற்றிக்குப் பின்னுள்ள பகுதியின் மேல் ஒளி உணரி. நெற்றியில் முடி இல்லை என்பதும் ஒரு வசதி. இரத்த ஓட்ட மாற்றம் ஐந்தாறு வினாடிகள் கழித்தே உச்சத்தை எட்டுவதால், ஒரு வினாடிக்குச் சற்றே மேற்பட்ட நேரத்தில் முடிந்துவிடும் ஓரடியை ஒளி உணரியால் தனியே காண முடியாது.

அசைவு உணரி என்பது முடுக்கமானி, சுழல்வேகமானி, காந்தமானி ஆகிய மூன்றும் அடங்கிய தீப்பெட்டி அளவுள்ள பொருள். இரண்டு பாதங்கள், இரண்டு கணைக்கால்கள், இடுப்பின் பின்புறம் ஆகிய ஐந்து இடங்கள் போதும். ஆறாவதாக ஒன்றை இ.இ.ஜி. தொப்பியின் மேல் பொருத்த வேண்டும் என்பதை நான் கண்டிப்பாகச் சொல்வேன். அதன் பயன் எட்டாம் படியில் தெரியும். காந்தமானியை நம்ப வேண்டாம். மருத்துவமனைத் தரையின் கான்கிரீட்டுக்குள் ஓடும் கம்பியும், பக்கத்தில் நிற்கும் சக்கர நாற்காலியும் அதன் திசையைக் குழப்பிவிடும். பாதத்தை மேலே தூக்கும் முன்கணைக்கால் தசையின் மீது தசை மின்வரைவு உணரி ஒன்றைச் சேர்க்க முடிந்தால், ஆய்வின் மதிப்பு இரட்டிப்பாகும். 2012இல் டென்மார்க்கில் பீட்டர்சன் குழுவினர், நலமானவர்கள் நடக்கும்போது குதிகால் தரையில் படுவதற்குச் சற்று முன்பு, உச்சந்தலை மின்னலையும் இந்தத் தசையின் மின்னலையும் 24 முதல் 40 ஹெர்ட்ஸ் வரையான அலைவெண்ணில் ஒத்திசைவதைக் காட்டினர். மூளை காலோடு பேசுகிறது என்பதற்கு, நடந்துகொண்டிருக்கும்போதே கிடைக்கக்கூடிய நேரடியான சான்று இது.

மூன்றாம் படி: ஒப்புதலும் நோயாளித் தேர்வும்

நிறுவன நெறிமுறைக் குழுவின் அனுமதி, பயிற்சியோ சிகிச்சையோ தரும் ஆய்வானால் இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டில் முன்பதிவு ஆகியவை எல்லோரும் அறிந்தவை. அதிகம் பேசப்படாதது பேச்சிழப்பு. இடப்பக்க மூளையில் பாதிப்புள்ளவர்களில் பலருக்குப் பேச்சோ புரிதலோ குறைந்திருக்கும். ஒப்புதல் படிவத்தைப் படிக்க முடியாது என்று அவர்களை விலக்கிவிட்டால், ஆய்வு முழுவதும் வலப்பக்கப் பாதிப்பு உள்ளவர்களாலேயே நிரம்பிவிடும். படங்களோடு கூடிய எளிய படிவமும், உறவினர் உடனிருக்க நிதானமாக விளக்கும் அரைமணி நேரமும் இதற்குத் தேவை.

தேர்வின்போது மூன்று விவரங்களைத் தவறாமல் குறித்துக்கொள்ள வேண்டும். ஒன்று, மண்டையோட்டில் அறுவை நடந்ததா என்பது. மூளை வீக்கத்தைக் குறைக்க எலும்பை அகற்றிய இடத்தில் இ.இ.ஜி. அலைகள் இயல்பைவிட உயரமாகப் பதிவாகும், அதை மூளையின் மீட்சி என்று எண்ணிவிடக் கூடாது. இரண்டு, மருந்துகள்; தூக்கத்துக்காகவோ தசை இறுக்கத்துக்காகவோ தரப்படும் குளோனசிபாம், டயசிபாம் வகை மருந்துகள் பீட்டா அலையைத் தாமே உயர்த்துகின்றன. முதல் அளவீட்டின்போது அந்த மாத்திரை இருந்து, கடைசி அளவீட்டின்போது நிறுத்தப்பட்டிருந்தால், நடையோடு எந்தத் தொடர்பும் இல்லாமலே பீட்டா அலை மாறியிருக்கும். மூன்று, கழுத்துத் தமனியில் அடைப்பு உள்ளதா என்பது. ஒளி உணரி நம்பியிருப்பது இரத்த ஓட்டத்தை, அந்த ஓட்டமே ஒரு பக்கம் தடைப்பட்டிருந்தால் இரு பக்கங்களையும் ஒப்பிடுவதில் பொருளில்லை.

நடைத்திறனையும் பதிவு செய்ய வேண்டும். பெர்ரி குழுவினர் 1995இல் வகுத்தபடி, வினாடிக்கு 0.4 மீட்டருக்குக் குறைவாக நடப்பவர் வீட்டுக்குள் நடமாடுபவர், 0.4 முதல் 0.8 வரை நடப்பவர் ஓரளவு வெளியே செல்பவர்; அதற்கு மேல் நடப்பவர் தடையின்றி வெளியே செல்பவர். இதனுடன் ஃபூகல்-மேயர் அளவுகோலின் கால் பகுதியையும் சேர்க்க வேண்டும். மொத்தம் 34 மதிப்பெண் கொண்ட அது, ஒரு நோயாளி அசைவுகளைத் தனித்தனியாகப் பிரித்துச் செய்கிறாரா என்று பார்ப்பதால், மீட்சியையும் ஈடுசெய்தலையும் (இடுப்பைத் தூக்கிக் காலை வீசுவது போன்ற மாற்று உத்தியையும்) பிரித்தறிய ஓரளவு உதவுகிறது.

நான்காம் படி: பொருத்துதல்

புத்தகங்கள் இந்தப் படியை இரண்டு வரியில் முடித்துவிடுகின்றன. ஆனால் தரவின் தரம் பெரும்பாலும் இங்கேதான் முடிவாகிறது. நம் ஊரில் முதல் எதிரி தலைமுடி எண்ணெய். எண்ணெய்ப் படலத்தின் மேல் வைத்த மின்முனை எவ்வளவு களிம்பு ஊற்றினாலும் தோலோடு சரியாக இணையாது. முந்தின நாளே தொலைபேசியில் அழைத்து, “நாளைக்குத் தலைக்குக் குளித்துவிட்டு வாருங்கள், எண்ணெய் மட்டும் வைக்க வேண்டாம்” என்று சொல்லிவிட வேண்டும். ஒரு கை செயலிழந்தவரால் தானாகத் தலைக்குக் குளிக்க முடியாது என்பதால், அதைச் சொல்ல வேண்டியது நோயாளியிடம் அன்று. உடனிருந்து பார்த்துக்கொள்ளும் மகளிடமோ மனைவியிடமோதான். அடர்ந்த கருமுடி ஒளி உணரிக்கும் தடை. ஒவ்வொரு முனையின் அடியிலும் முடியைச் சிறு குச்சியால் விலக்கி, தோல் தெரிகிறதா என்று கைவிளக்கடித்துப் பார்க்க வேண்டும். கொண்டையைப் பிரித்து, தளர்வான பின்னலாகத் தோளின் முன்பக்கம் விட்டுவிட்டால் தொப்பியின் பின்பகுதி தூக்கிக்கொள்ளாது.

இரண்டாவது, உடை. புடவை கட்டியவரின் கணைக்கால் உணரி மீது துணி ஒவ்வோர் அடியிலும் உரசும். புடவை அடியின் நீளத்தையும் குறைத்துவிடும். முதல் வருகையில் புடவையும் அடுத்த வருகையில் சுடிதாரும் அணிந்து வந்த ஒருவரின் தரவில் அடி நீளம் கணிசமாகக் கூடியிருந்ததைக் கண்டு எங்கள் குழு ஒருமுறை மகிழ்ந்தது; காணொளியைத் திரும்பப் பார்த்தபோதுதான் காரணம் புரிந்தது. அன்றிலிருந்து எல்லா வருகைகளுக்கும் ஒரே வகை உடை, ஒரே வகைக் காலணி அல்லது வெறுங்கால் என்று விதி வைத்துக்கொண்டோம். கணுக்கால் தாங்கி, கைத்தடி ஆகியவற்றுக்கும் இதே விதி பொருந்தும். தடி ஊன்றும் கை, மூளையில் தனக்குரிய பகுதியைத் தானும் இயக்கிக்கொண்டிருக்கிறது என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

அசைவு உணரிகளைத் தசையின் மேல் கட்டாமல், எலும்பு தோலுக்கு அருகில் இருக்கும் கணைக்காலின் முன்பக்கத்தில் கட்ட வேண்டும். எந்த உணரி எந்தக் காலுக்கு என்பதை வண்ண ஒட்டிகளால் குறித்து, கட்டி முடித்ததும் புகைப்படம் எடுத்துவிட வேண்டும். பிறகு நோயாளி பத்து வினாடி அசையாமல் நிற்க வேண்டும். அந்தப் பத்து வினாடியிலிருந்துதான் சுழல்வேகமானியின் பிழைமதிப்பைக் கணக்கிட்டுக் கழிக்கிறோம்.

ஐந்தாம் படி: கடிகாரங்களை இணைத்தல்

இ.இ.ஜி. கருவிக்கு ஒரு கடிகாரம், அசைவு உணரிகளுக்கு வேறொரு கடிகாரம். இரண்டும் ஒரே நொடியில் தொடங்கினாலும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. பத்து லட்சத்தில் ஐம்பது பங்கு வேறுபாடு இருந்தால், இருபது நிமிடப் பதிவின் முடிவில் அது 60 மில்லிவினாடியாக வளர்ந்திருக்கும். ஒரே கால் ஒருமுறை தரையில் பட்டு மறுமுறை படும்வரை உள்ளதே ஒரு நடைச்சுழற்சி. 1.2 வினாடி நீளமுள்ள ஒரு சுழற்சியில் இது ஐந்து விழுக்காடு. குதிகால் படுவதற்குச் சற்று முன் நிகழும் மூளை அலையைத் தேடும் ஆய்வில், அந்த ஐந்து விழுக்காடு ‘முன்’ என்பதைப் ‘பின்’ ஆக்கிவிடும்.

எல்லாச் சமிக்ஞைகளையும் ஒரே வலையமைப்பில் நேரமுத்திரையிட்டுச் சேமிக்கும் லேப் ஸ்ட்ரீமிங் லேயர் என்ற இலவச மென்பொருள் பல ஆய்வகங்களில் பயன்படுகிறது. அது இருந்தாலும், பதிவின் தொடக்கத்திலும் முடிவிலும் ஓர் எளிய சோதனையைச் செய்துவிடுவது என் வழக்கம்: தொப்பியின் மேலுள்ள அசைவு உணரியை விரலால் மூன்று முறை தட்டுவது. அந்தத் தட்டல் அசைவு உணரியில் முடுக்கமாகவும், அருகிலுள்ள மின்முனையில் கூர்முனையாகவும் பதிவாகும். தொடக்கத் தட்டலும் முடிவுத் தட்டலும் இரண்டு கோப்புகளிலும் பொருந்தினால் நிம்மதி; பொருந்தாவிட்டால் எவ்வளவு திருத்த வேண்டும் என்பதாவது தெரிந்துவிடும்.

ஆறாம் படி: அளவீட்டு நாள்

இரத்த அழுத்தத்தைப் பார்த்துவிட்டே தொடங்க வேண்டும். நோயாளியின் வலுவிழந்த பக்கத்தில் இயன்முறை மருத்துவர் ஒருவர் கைக்கெட்டும் தொலைவில் உடன் நடக்க வேண்டும். அவர் முன்னே நடந்தால் நோயாளி தம்மையறியாமல் அவரது வேகத்தைப் பின்பற்றிவிடுவார்.

வரிசை இப்படி அமையலாம். கண் திறந்தபடி மூன்று நிமிடம் நிற்றல். நாற்காலியில் அமர்ந்து பாதத்தை மட்டும் மேலே தூக்கி இறக்குதல். தமக்கு இயல்பான வேகத்தில் நடத்தல். கடைசியாக, முதல் வருகையின்போது எந்த வேகத்தில் நடந்தாரோ அதே வேகத்தில் நடத்தல். கடைசியாகச் சொன்னதைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். வேகம் கூடினால் நலமானவர்களுக்கும் நடையின் எல்லா அளவுகளும் மாறும், தலையின் குலுக்கல் கூடும், மூளை அலையும் மாறும். பதினோராம் வாரத்தில் மூளை அலை மாறியிருப்பது மீட்சியாலா, வெறும் வேகத்தாலா என்று பிரிப்பதற்கு, பழைய வேகத்திலேயே ஒருமுறை நடக்கச் செய்வதைவிட எளிய வழி இல்லை. அமர்ந்து பாதத்தைத் தூக்குவதற்கும் ஒரு காரணம் உண்டு: அங்கே தலை குலுங்குவதில்லை, ஆகவே நடையில் கண்டதைச் சரிபார்க்க அது ஒரு நங்கூரம்.

எத்தனை அடிகள் தேவை என்பதையும் கணக்கிட்டுக்கொள்ள வேண்டும். வினாடிக்கு 0.4 மீட்டர் நடப்பவரின் ஒரு முழுச் சுழற்சி 0.6 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஒரு சுழற்சிக்கு ஒன்றரை வினாடி ஆகும். சராசரி எடுக்க 200 சுழற்சிகள் வேண்டுமானால் 5 நிமிடம் நடக்க வேண்டும். பத்து மீட்டர் பாதையில் அது 12 தடவை. திரும்பும் அடிகளைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்பதால், உண்மையில் இன்னும் கூடுதலாகவே ஆகும். மூன்றாம் வார நோயாளிக்கு இது எளிதன்று. இரண்டு தடவைக்கு ஒருமுறை அமரவைக்க வேண்டும். ஒளி உணரி பயன்படுத்துவோர் 30 வினாடி நடை, 30 வினாடி நிற்றல் என்று மாற்றி மாற்றி அமைக்கலாம். நிற்கும் நேரத்தைச் சற்றே கூட்டியும் குறைத்தும் வைத்தால், பத்து வினாடிக்கு ஒருமுறை தானாக ஏறி இறங்கும் இரத்த அழுத்த அலை சோதனையின் தாளத்தோடு சேர்ந்துகொள்ளாது.

ஏழாம் படி: காலின் தரவைப் படித்தல்

நலமானவர்களுக்காக எழுதப்பட்ட மென்பொருள்கள் குதிகால் தரையில் மோதும் கூர்மையான அதிர்வைத் தேடுகின்றன. பாதம் தொங்கும் நோயாளிக்கு அந்த அதிர்வே இருக்காது. முன்பாதமோ பாதத்தின் வெளி விளிம்போ முதலில் படும். ஆகவே முடுக்கமானியைவிடக் கணைக்காலின் சுழல்வேகமானியை நம்புவது மேல். கால் முன்னோக்கி வீசும்போது அதன் சுழல்வேகம் ஒரு பெரிய மேடாக எழும். அந்த மேட்டின் இரு பக்கத்திலும் உள்ள பள்ளங்கள் முறையே விரல் தரையை விடும் கணத்தையும் பாதம் தரையில் படும் கணத்தையும் தோராயமாகக் குறிக்கும். எந்த மென்பொருளானாலும், ஒவ்வொரு நோயாளியிடமும் இருபது அடிகளையாவது காணொளியுடன் ஒப்பிட்டுக் கண்ணால் சரிபார்க்காமல் அடுத்த படிக்குப் போகக் கூடாது.

அடி நீளத்தைக் கணக்கிட, பாதம் தரையில் நிற்கும் கணத்தில் அதன் வேகம் பூஜ்யம் என்று கொண்டு, சேர்ந்துவரும் பிழையை ஒவ்வோர் அடியிலும் அழிப்பது வழக்கம். ஆனால் விரல் தரையில் தேய்த்துக்கொண்டே வரும் காலில் அந்தப் பூஜ்யக் கணத்தை மென்பொருள் தவறான இடத்தில் கண்டுகொள்ளும். தேய்த்து நடப்பவரிடம் நீளத்தை விட்டுவிட்டு நேரங்களை மட்டும் பயன்படுத்துவது பாதுகாப்பானது.

நேரங்களில் பயன்மிக்கது வீச்சு நேர விகிதம். வலுவிழந்த கால் காற்றில் 0.55 வினாடியும், நல்ல கால் 0.38 வினாடியும் இருந்தால் விகிதம் ஏறத்தாழ 1.45. வலுவிழந்த காலின் மேல் நிற்க உடல் அஞ்சுவதால், நல்ல கால் அவசரமாகத் தரைக்குத் திரும்பிவிடுகிறது. அந்த அவசரத்தைத்தான் இந்த எண் சொல்கிறது. வேகம் கூடியும் விகிதம் 1.45இலேயே நின்றுவிட்டால், ஈடுசெய்தல் என்றே முதலில் ஐயுற வேண்டும். விகிதம் ஒன்றை நோக்கி இறங்கி, பாதம் வெளிப்பக்கமாக வளைந்து செல்வதும் குறைந்தால், உண்மையான மீட்சி என்று வாதிட இடமுண்டு.

எட்டாம் படி: தலையின் தரவைப் படித்தல்

நடக்கும்போது தலை ஒவ்வோர் அடிக்கும் மேலும் கீழும் அசைகிறது. மின்முனைகளின் கம்பிகள் ஆடுகின்றன. கழுத்துத் தசைகள் இறுகித் தளர்கின்றன. இவை அனைத்தும் நடைக்கு ஏற்பத் தாளமாக நிகழ்வதால், சராசரி எடுக்கும்போது மறைவதற்குப் பதிலாக மேலும் தெளிவாகத் தெரியும். இது எவ்வளவு ஏமாற்றக்கூடியது என்பதை 2015இல் அமெரிக்காவில் கிளைன், ஃபெரிஸ் ஆகியோரின் குழு அழகாகக் காட்டியது. பங்கேற்றவர்களின் தலையில் மின்சாரம் கடத்தாத சிலிக்கோன் நீச்சல் தொப்பியை மாட்டி, அதன் மேல் மின்சாரம் கடத்தும் செயற்கைத் தலைத்தோலையும் இ.இ.ஜி. தொப்பியையும் வைத்து நடக்கவிட்டனர். மூளை அலை எதுவும் வர வழியில்லாத அந்தப் பதிவிலும் நடையின் தாளத்துக்கேற்ற அலைகள் வந்தன.

தூய்மை செய்யும் வரிசை பெரும்பாலும் ஒன்றுதான். ஒரு ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளதையும், நம் நாட்டு மின்கம்பியின் 50 ஹெர்ட்ஸையும் நீக்குதல். கெட்டுப்போன மின்முனைகளை விலக்குதல். வரம்பு மீறி எழும் பகுதியை நீக்கி, அதைத் தூய பதிவின் அடிப்படையில் மீட்டமைக்கும் ‘செயற்கைக் கூறு மீள்கட்டமைப்பு’ முறையால் திடீர்க் குலுக்கல்களை மட்டுப்படுத்துதல். கலந்து வரும் அலைகளை ஒன்றையொன்று சாராத கூறுகளாகப் பிரித்து, கண், கழுத்து, கம்பி ஆகியவற்றுக்குரிய கூறுகளைக் களைதல். மூன்றாவதில் கை கடுமையாக இருந்தால் மூளை அலையும் சேர்ந்து போய்விடும். ஆகவே மிதமான வரம்பில் தொடங்கி, முடிவு வரம்பைப் பொறுத்து மாறுகிறதா என்று பார்த்து, அதையும் கட்டுரையில் எழுத வேண்டும்.

அதன் பிறகு ஒவ்வொரு சுழற்சியையும் கால் உணரி தந்த கணங்களின்படி ஒரே நீளத்துக்கு நீட்டியோ சுருக்கியோ, 13 முதல் 30 ஹெர்ட்ஸ் வரையுள்ள பீட்டா அலையின் வலு சுழற்சிக்குள் எங்கே குறைகிறது, எங்கே கூடுகிறது என்று பார்க்கலாம். இங்கே தலைமேலுள்ள அசைவு உணரிக்கு வேலை வருகிறது. உச்சந்தலை அலையின் ஏற்ற இறக்கம் தலையின் முடுக்கத்தோடு அப்படியே பொருந்தினால் ஐயம் கொள்ள வேண்டும். காதருகே உள்ள மின்முனையிலும் அதே வடிவம் தெரிந்தால் ஐயம் உறுதியாகிறது. அமர்ந்து பாதத்தைத் தூக்கியபோதும் உச்சந்தலையில் பீட்டா அலை குறைந்திருந்தால், நடையில் கண்டதை ஓரளவு நம்பலாம்.

ஒளி உணரித் தரவில் சிக்கல் வேறு வகை. நடக்கத் தொடங்கியதும் இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் கூடுவதால் தலைத்தோலின் இரத்தமும் கூடும். அது மூளையின் மாற்றம் போலவே தோன்றும். எட்டு மில்லிமீட்டர் அளவிலான குறுகிய இடைவெளியில் வைத்த கூடுதல் முனைகள் தலைத்தோலை மட்டும் அளப்பதால், அந்த அளவைக் கழித்துவிடலாம். உயிர்வளி ஏறிய ஹீமோகுளோபின் கூடும்போது இறங்கியது குறைகிறதா என்றும் பார்க்க வேண்டும். இரண்டும் சேர்ந்தே ஏறினால் பெரும்பாலும் மூளை அன்று, உடலே பேசுகிறது.

ஒன்பதாம் படி: இரண்டையும் சேர்த்தல்

இந்தத் துறையில் நல்ல முன்மாதிரி, ஜப்பானில் மியாய் குழுவினர் 2003இல் வெளியிட்ட தொடர் ஆய்வு. எட்டு நோயாளிகளை மறுவாழ்வுச் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் ஓடுபொறியில் (டிரெட்மில்) நடக்கச் செய்து ஒளி உணரியால் பார்த்தபோது, இரு பக்க உணர்வு-இயக்கப் பகுதிகளுக்கும் இடையிலிருந்த ஏற்றத்தாழ்வு குறைந்ததும், நடையில் வீச்சுக் கட்டம் சீரானதும் இணைந்து சென்றன. ஒவ்வொரு நோயாளியையும் அவரோடே ஒப்பிட்டதுதான் அதன் வலிமை. வெவ்வேறு நோயாளிகளை ஒருவரோடொருவர் ஒப்பிட்டால், சிதைவின் அளவு, வயது, மண்டையோட்டின் தடிப்பு எல்லாமே குறுக்கே வரும்.

ஆகவே புள்ளியியலிலும் ஒருவருக்குள் நிகழும் மாற்றத்தையும், ஆட்களுக்கிடையிலான வேறுபாட்டையும் கலப்பு மாதிரியில் (ஒரே ஆளின் பல அளவீடுகளைச் சேர்த்துக் கையாளும் புள்ளியியல் முறையில்) தனித்தனிக் கூறுகளாக வைக்க வேண்டும். வேகத்தையும், பக்கவாதம் வந்து எத்தனை நாள் என்பதையும் அதே மாதிரியில் சேர்க்க வேண்டும். இவ்விரண்டையும் சேர்த்த பிறகும் வீச்சு நேர விகிதத்துக்கும் மூளை அலைக்கும் உள்ள தொடர்பு நிற்குமானால் மட்டுமே சொல்வதற்கு ஏதோ இருக்கிறது. தொடக்க மதிப்பையும், தொடக்கத்திலிருந்து ஏற்பட்ட மாற்றத்தையும் ஒன்றோடொன்று தொடர்புபடுத்தும் வழக்கத்தைக் கைவிட வேண்டும். மாற்றத்தின் கணக்கிலேயே தொடக்க மதிப்பு இருப்பதால், எதுவுமே நடக்காத இடத்திலும் அங்கே தொடர்பு தென்படும்.

தொடர்பு கிடைத்தாலும், மூளை மாறியதால் நடை மாறியது என்று எழுதிவிட முடியாது. நன்றாக நடக்கத் தொடங்கியதால் மூளைக்குச் செல்லும் உணர்வுச் செய்திகள் மாறி, அதனால் அலை மாறியிருக்கலாம். கருவிகளின் மேல் நமக்குள்ள பற்றுக்கும் ஒரு கடிவாளம் தேவை. 2011இல் அமெரிக்காவில் 408 நோயாளிகளைக் கொண்டு நடந்த பெரிய ஆய்வில், உடல் எடையைத் தாங்கிப்பிடிக்கும் ஓடுபொறிப் பயிற்சி, இயன்முறை மருத்துவர் வீட்டுக்கே சென்று தந்த உடற்பயிற்சியைவிட மேலானதாக அமையவில்லை.

பத்தாம் படி: சேமித்தலும் திருப்பித் தருதலும்

மூலத் தரவைத் தொடாமல் ஒரு பிரதி வைத்துக்கொள்ள வேண்டும். இ.இ.ஜி., அசைவு உணரி இரண்டுக்கும் பன்னாட்டளவில் ஒப்புக்கொள்ளப்பட்ட ‘பிட்ஸ்’ என்னும் கோப்பு ஒழுங்கு இருக்கிறது. முதல் நோயாளியிலிருந்தே அதன்படி பெயரிட்டால் பின்னர் தலைவலி இல்லை. காணொளிகளில் முகம் தெரியும் என்பதால் அவற்றைத் தனியே பூட்டி வைத்து, ஆய்வு முடிந்ததும் ஒப்புதல் படிவத்தில் சொன்னபடி அழிக்க வேண்டும்.

கடைசி வருகையன்று நோயாளி ஏதேனும் கேட்பார். வண்ணம் தீட்டிய மூளைப் படத்தை அப்போது அவரிடம் காட்ட வேண்டாம். சிவப்பாகத் தெரியும் இடம் கெட்டுப்போன இடம் என்றே பலரும் புரிந்துகொள்கிறார்கள். முதல் வருகையின் வீச்சு நேரங்களையும் கடைசி வருகையின் வீச்சு நேரங்களையும் இரண்டு கால்களுக்கும் தனித்தனிப் பட்டைகளாக வரைந்த ஒற்றைத் தாள் போதும். அதைக் கையில் வாங்கிய ஒரு பெரியவர், நல்ல காலுக்குரிய பட்டை இன்னும் குட்டையாக இருப்பதைக் காட்டி, “அப்படியென்றால் இந்தச் சொத்தைக் காலை நான் இன்னும் நம்பவில்லை, அப்படித்தானே தம்பி?” என்று கேட்டார். எங்கள் கட்டுரையில் நான்கு பக்கம் பிடித்த விளக்கம் அது.